தமிழ் வழியில் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்கு வருகிறீர்களா? முதல் வருடத்தில் ஒட்டிக்கொள்ள ஒரு வழிகாட்டி

சீட் எடுப்பது வரைக்கும் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாய்ஸ் ஃபில்லிங் எப்படி, எந்தப் பிரிவுக்கு எவ்வளவு கட்-ஆஃப், வருமானச் சான்றிதழ் வாங்க என்ன வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் யூடியூபில் ஆள் உண்டு. பெட்டி படுக்கையோடு ஹாஸ்டலில் இறங்கி, மறுநாள் காலை அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்புக்குள் நுழையும்போது ‘நாம இங்க இருக்க வேண்டிய ஆள்தானா?’ என்று ஒரு உதறல் எடுக்கிறதே, அதற்கு மட்டும் யாரும் வழி சொல்வதில்லை.

நான் முதலாண்டு மாணவர்களுக்கு கிளாஸ் அட்வைசராக இருப்பவள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவள். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். கலைக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் நண்பர்கள் கிடைப்பார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் பார்த்த வரையில் அப்படி நடப்பதில்லை. ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு, ஏதோ ஒரு வேலையாகத் திரும்பத் திரும்ப வருகிறவர்களைத்தான் நாலு பேர் தேட ஆரம்பிக்கிறார்கள். கீழே வருவதெல்லாம் அதற்கான ஏற்பாடுகள்தான்.

வருவதற்கு முன்: ஒரு ஃபைல் போடுங்கள்

‘ஒட்டிக்கொள்வதற்கும் ஃபைலுக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. கல்லூரி அலுவலகக் கவுன்டரில் நிற்கும்போது தனக்கு என்ன வரவேண்டும் என்று தெரிந்தவர் ஒரு மாதிரி நிற்பார், தெரியாதவர் வேறு மாதிரி நிற்பார். முதல் வாரத்தில் அந்த வரிசையில்தான் உங்கள் பாதி நேரம் போகப் போகிறது.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, அலாட்மென்ட் ஆர்டர், ஆதார். எல்லாவற்றிலும் ஐந்து ஜெராக்ஸ். அசலை யாரிடமாவது கொடுத்தால் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த வழியில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதற்கு மேலும் ஏதாவது கட்டச் சொன்னால், எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பாதித் தொகை காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கின. இவற்றைக் கவனிக்கக் கல்லூரியில் ஒரு ஆசிரியர் பொறுப்பில் இருப்பார். அவர் யார் என்று முதல் வாரத்திலேயே விசாரித்து வையுங்கள்.

யாராவது ஒரு பையன் ‘நீ கோட்டாவா?’ என்று கேட்பான். சண்டைக்கும் போக வேண்டாம், கூசிக் குறுகவும் வேண்டாம். ‘ஆமா, 7.5. நீ?’ என்று கேட்டுவிட்டு அவன் பதிலுக்காகக் காத்திருங்கள். அதே வகுப்பில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் வந்தவர்களும் இருப்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். உங்கள் 7.5 ஒதுக்கீட்டுக்குள்ளேயும் ரேங்க் லிஸ்ட் உண்டு, அதில் போட்டி போட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். இதை அவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் வாரம்: அந்த நான்கு வாக்கியங்கள்

முதல் மூன்று நாளும் எந்த ஆசிரியர் வந்தாலும் ‘இன்ட்ரொட்யூஸ் யுவர்செல்ஃப்’ என்பார்கள். நானும் சொல்வேன், வேறு வழியில்லை. முன் பெஞ்சிலிருந்து வரிசை நகர்ந்து வர வர, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் மாறுவது மேடையிலிருந்து நன்றாகத் தெரியும். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்வது எதுவும் காதில் விழாது. எழுந்ததும் ‘மை நேம் இஸ்’ வரை சத்தமாக வரும். அப்புறம் குரல் தரைக்குப் போய்விடும்.

இதற்கு ஒரே மருந்து, பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவிடுவது. இப்படி: ‘குட் மார்னிங். ஐ ஆம் கவிதா. ஐ கம் ஃப்ரம் போளூர், திருவண்ணாமலை டிஸ்ட்ரிக்ட். ஐ ஸ்டடீட் இன் கவர்ன்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். ஐ ப்ளே கபடி.’ அவ்வளவுதான். கட்-ஆஃப் வேண்டாம், ‘மை ஆம்பிஷன்’ வேண்டாம்.

தமிழ் மீடியம் என்பதை மறைக்காமல் முதல் நாளே சொல்லச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறைத்துவிட்டால் நான்கு மாதம் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். அது பெரிய வேலை. சொல்லிவிட்டால், அன்று மதியமே சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேர் பக்கத்தில் வந்து ‘நானும் தமிழ் மீடியம்தான்’ என்பார்கள். வருடா வருடம் நடக்கிற விஷயம் இது. முதலில் எழுந்து சொல்லும் ஒருவருக்காகத்தான் அவர்களும் காத்திருக்கிறார்கள். நாலாவதாக, கபடி மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். ‘ஹாபி: லிசனிங் டு மியூசிக்’ என்று நாற்பது பேர் சொல்வார்கள். அதைப் பிடித்துக்கொண்டு யாராலும் உங்களோடு பேச்சுக் கொடுக்க முடியாது.

கல்லூரி திறக்கும் முன்பே இன்ஸ்டாகிராமில் சிலர் குரூப் தொடங்கியிருப்பார்கள். வந்து இறங்கும்போதே ஒரு செட் சேர்ந்துவிட்ட மாதிரி தோன்றும். கவலைப்படாதீர்கள். அந்தச் செட்டுகளில் பல தீபாவளி லீவு வரைகூடத் தாக்குப்பிடிப்பதில்லை.

ரோல் நம்பர் பக்கத்தில் யார்?

லேப் பேட்ச் பிரிப்பது ரிஜிஸ்டர் நம்பர் வரிசையில். தேர்வு அறையில் உட்காருவதும் பல நேரம் அதே வரிசை. ஆகவே உங்கள் பெயரின் முதலெழுத்தில் பெயர் உள்ள மூன்று நான்கு பேரோடு நீங்கள் நான்கு வருடம் தோளோடு தோள் நிற்கப் போகிறீர்கள். கார்த்திக், கவின், காவ்யா, கீர்த்தனா என்று ஒரு பேட்ச் இருந்தால், அவர்களுக்குள் பொதுவாக ஒன்றுமே இல்லாவிட்டாலும் நான்காம் வருடத்தில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போயிருப்பார்.

இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். லேபில் ரீடிங் எடுக்கும் வேலையோ கணக்குப் போடும் வேலையோ ஒன்றை முதல் நாளே கையில் எடுங்கள். சும்மா பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் இடத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள். அங்கே ஒருமுறை நின்றுவிட்டால் செமஸ்டர் முழுக்க அதுதான் உங்கள் இடம். ரெக்கார்ட் நோட்டை ஒரு நாள் முன்னதாக முடித்துவிடுகிறவர் என்ற பெயர் வந்தால் போதும், நீங்கள் யாரையும் தேடிப் போக வேண்டியிருக்காது. கொடுப்பதில் கணக்குப் பார்க்காதீர்கள். ஆனால் எப்போதும் கேட்டு வாங்கியே பழகியவர் யார் என்பதையும் கவனித்து வையுங்கள்.

முதல் வருடத்தில் வரும் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் எனக்குப் பிடித்த பாடம். நான் அதை நடத்துவதில்லை, ஆனாலும் பிடிக்கும். ஏனென்றால் அங்கே எந்த மீடியமும் செல்லாது. நகரத்துப் பெரிய பள்ளியில் படித்தவருக்கும் மினி டிராஃப்டரை, அதாவது படம் வரையும் கருவியை, டேபிளில் எப்படி மாட்டுவது என்று தெரியாது. கோடு நேராக வந்தால் வந்தது. ஒர்க்‌ஷாப்பும் அப்படித்தான். வயரிங், பிளம்பிங், மர வேலை என்று வரும்போது, அப்பாவோடு வேலைக்குப் போய்வந்த பிள்ளையின் கை தனியாகத் தெரியும். அந்த வகுப்பில் முன்னால் போய் நில்லுங்கள்.

ஆங்கிலம்

பயம் நியாயமானது, ஆனால் அளவு தெரியாமல் பயப்படுகிறோம். முதல் செமஸ்டரில் உங்களுக்குத் தெரியாதது ஆங்கிலத்தைவிட, ஏற்கெனவே படித்த விஷயங்களின் ஆங்கிலப் பெயர்கள்தான். அணிக்கோவையைத் தலைகீழாகப் போடுவீர்கள், டிடர்மினன்ட் என்றதும் விழிப்பீர்கள். முடுக்கம் தெரியும், ஆக்சிலரேஷன் தெரியாது. தொகையீடு தெரியும், இன்டக்ரேஷன் என்றால் ஏதோ புதுசு என்று நினைப்பீர்கள்.

வழி சுலபம். நீங்கள் படித்த அதே பிளஸ் டூ கணிதம், இயற்பியல் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாடம் அதே, கணக்கு அதே, வரிசையும் அதே. தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகத்தைப் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரிந்ததால் சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். பிளஸ் டூ கணிதத்தின் முதல் அத்தியாயமே அணிகள்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனிலும், அதாவது பாடத்திட்டத்திலும், முதல் செமஸ்டர் கணிதம் மேட்ரிக்ஸில்தான் ஆரம்பித்தது. ஐகன் வேல்யூ நடத்த ஆரம்பிக்கும்போது உங்கள் கையில் சொற்கள் இருந்தால், வகுப்பில் பாதிப் பேரைவிட நீங்கள் முன்னால் இருப்பீர்கள்.

இன்னொன்று, வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் தெரிந்த விஷயத்தை ஆங்கிலம் வரவில்லை என்று விழுங்கிவிட்டு நிற்காதீர்கள். ‘மேடம், தமிழ்ல சொல்லட்டுமா?’ என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ‘சொல்லு’ என்பார்கள். கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லி மற்றதைத் தமிழில் சொல்லலாம். நாங்கள் ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வதும் அந்த மொழிதான். சந்தேகத்தை வகுப்பு நடுவில் கேட்கக் கூச்சமாக இருந்தால், வகுப்பு முடிந்து ஆசிரியர் வெளியே வரும்போது கூடவே நடந்துகொண்டே கேளுங்கள்.

பேச்சு ஆங்கிலம் அதுபாட்டுக்கு வரும். பீட்டர் விடுகிறவர்களைக் கிண்டல் செய்யும் கூட்டத்தில் மட்டும் சேர்ந்துவிடாதீர்கள். அந்தக் கூட்டம் ஜாலியாக இருக்கும், கடைசி பெஞ்சில் நல்ல சிரிப்பும் கிடைக்கும். ஆனால் அதில் இருந்துகொண்டு நீங்கள் ஒரு வாக்கியம் பேசிப் பழக நினைத்தால், முதலில் சிரிப்பது அவர்களாகத்தான் இருப்பார்கள்.

சீனியர்கள்

நல்ல சீனியர் ஒருவர் கிடைத்தால் பழைய வினாத்தாள், மினி டிராஃப்டர், எந்த மெஸ்ஸில் எந்த நாள் சாப்பிடக்கூடாது என்ற ஞானம் எல்லாம் சும்மாவே கிடைக்கும். உங்கள் மாவட்டத்துக்காரர், உங்கள் பஸ்ஸில் வருபவர், உங்கள் டிபார்ட்மென்ட்டின் இரண்டாம் வருடத்து அக்கா என்று யாராவது ஒருவரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். ‘அண்ணா, மேத்ஸுக்கு எந்த புக்?’ என்று கேட்டால் எந்தச் சீனியருக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

கலாய்ப்பதற்கும் ராகிங்குக்கும் உள்ள வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டமானதில்லை. நீங்கள் திருப்பிக் கலாய்த்தால் அவர்களும் சிரிப்பார்கள் என்றால் அது கலாய்ப்பு. திருப்பிப் பேசவே முடியாது, மறுத்தால் ஏதாவது நடக்கும் என்ற பயம் இருந்தால் அது ராகிங். ரெக்கார்ட் எழுதச் சொல்வது, சட்டையைக் கழற்றச் சொல்வது, காசு கேட்பது, ஃபோனைப் பிடுங்கிப் பார்ப்பது எதுவும் ‘பழகுவதற்காக’ இல்லை.

1996இல் சிதம்பரத்தில் நாவரசு என்ற முதலாண்டு மருத்துவ மாணவர் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதை ஒட்டித்தான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது, 1997இல். இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். சேர்க்கையின்போது நீங்களும் பெற்றோரும் கையெழுத்திட்ட ராகிங் உறுதிமொழி, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிகளின்படி வாங்குவது. எல்லாச் சீனியரும் அதில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். தேசிய உதவி எண் 1800-180-5522, 24 மணி நேரமும் எடுப்பார்கள். இப்போதே ஃபோனில் சேமித்துவிடுங்கள், தேவைப்படும் நேரத்தில் தேட முடியாது.

‘எந்த ஊரு?’

இந்தக் கேள்வி மூன்று படியாக வரும். முதலில் ‘எந்த ஊரு?’ அடுத்து ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ அதுக்கும் அடுத்து ‘குலசாமி எது?’ அல்லது ‘உங்க அப்பா பேர் என்ன?’ முதல் கேள்வி பெரும்பாலும் வெறும் விசாரிப்புதான். மூன்றாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

தாலுகா பேரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். ‘செங்கம் பக்கம்’ என்றால் போதும். மேலும் தோண்டினால், ‘ஏன், பொண்ணு கேட்டு வரப் போறியா?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுங்கள். தன் சாதியை வெளிப்படையாகச் சொல்வதே சிலருக்குப் பலமாக இருக்கும். அது அவர்கள் முடிவு. சொல்ல விரும்பாதவர் சொல்ல வேண்டியதில்லை, பொய்யும் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது, அன்போடு வரும் அழைப்பில். ‘நம்ம பசங்க குரூப் ஒண்ணு இருக்கு, சேர்ந்துக்கோ’ என்று ஒருவர் தோளில் கை போடுவார். சாப்பாடு வாங்கித் தருவார், பிரச்சினை என்றால் வந்து நிற்பார். தனியாகத் தவித்துக்கொண்டிருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரூப்பில் சேர்ந்த பிறகு யாரோடு பேசலாம், யாரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், கையில் எந்தக் கலர் கயிறு கட்டலாம் என்பதை வேறு யாரோ முடிவுசெய்வார்கள். பள்ளிகளில் சாதியைக் காட்டும் இந்தக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. கயிற்றைப் பள்ளியோடு விட்டுவிட்டு வந்தவர்களை மறுபடியும் கட்டச் சொல்லும் இடமாகக் கல்லூரி இருந்துவிடக்கூடாது.

ஸ்காலர்ஷிப் பட்டியலை வகுப்பில் சாதிப் பிரிவு சொல்லிச் சத்தமாகப் படித்து, ‘எழுந்திருங்க’ என்று சொல்லும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அப்படி நடந்தால் கிளாஸ் ரெப் மூலம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: ரோல் நம்பரை மட்டும் குரூப்பில் போடச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் பலருக்கு அது உறுத்தும் என்றே தோன்றியிருக்காது. சொன்னால் மாற்றிக்கொள்வார்கள். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், ஒதுக்கினால் அது வேண்டுகோளோடு முடிகிற விஷயம் இல்லை. கல்லூரியில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான பிரிவு இருக்கும். தேதி, இடம், கூட இருந்தவர்கள் பெயரோடு எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கல்லூரி வளாகத்துக்கும் பொருந்தும்.

ஒரே ஒரு இடம்

இரண்டாவது மாதம் எல்லா கிளப்பும் மேசை போட்டு ஆள் பிடிப்பார்கள். ஐந்தாறு பேப்பரில் பெயர் எழுதிவிட்டு எதற்கும் போகாமல் இருப்பதுதான் வழக்கமாக நடப்பது. ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு செமஸ்டர் விடாமல் போங்கள். தமிழ் மன்றம், விளையாட்டு, ரோபோட்டிக்ஸ், ஹாஸ்டல் மெஸ் கமிட்டி, எதுவாக இருந்தாலும் சரி. மேடையில் நிற்கும் வேலைதான் வேண்டும் என்றில்லை. நாற்காலி போடும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். நாற்காலி போட்டவரை அடுத்த நிகழ்ச்சிக்கு யாரும் கூப்பிடாமல் விடுவதில்லை.

என்னைக் கேட்டால் என்.எஸ்.எஸ். என்பேன். 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் வேலை, ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். அந்த முகாமில் நடப்பதைப் பாருங்கள். கல்லூரியில் ஆங்கிலத்தில் பொளந்துகட்டும் பையன் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நிற்பான். வகுப்பில் வாயே திறக்காத பெண், ஊர்ப் பெரியவரிடம் ‘தாத்தா, இந்த வாய்க்கால் எங்க போய் விழுது?’ என்று கேட்டு, பஞ்சாயத்து அலுவலகச் சாவி வரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். மூன்றாம் நாள் எல்லாரும் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கேட்பார்கள். கல்லூரிக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் போகாது.

காசு

பிறந்தநாள் ட்ரீட், டிபார்ட்மென்ட் டி-ஷர்ட், சிம்போசியம் கட்டணம் என்று மாதம் ஏதாவது ஒன்று வரும். இல்லை என்று சொல்லக் கூசிக்கொண்டு, வயிற்று வலி, தலைவலி என்று காரணம் சொல்லி விலகுகிறவர்கள் கொஞ்ச நாளில் அழைப்பிலிருந்தே விலகிப்போகிறார்கள். ‘மால்னா வரலப்பா, டீக்கடைன்னா வரேன்’ என்று நேராகச் சொன்னால் பாதிக் கூட்டம் டீக்கடைக்கே வரும். அவர்கள் பையிலும் அவ்வளவுதான் இருக்கிறது. டி-ஷர்ட்டுக்குக் கட்ட முடியாவிட்டால் ரெப்பிடம் தனியாகச் சொல்லுங்கள். கடன் வாங்கி ட்ரீட் வைக்காதீர்கள், ஃபோனில் கடன் தரும் ஆப் பக்கமே போகாதீர்கள்.

ஊருக்குப் போவதும் வருவதும்

முதல் மாதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனதும் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடத் தோன்றும். அம்மாவும் ‘வாடா’ என்பார். முடிந்தவரை முதல் சில வாரம் தங்கிப் பாருங்கள். ஹாஸ்டலில் பழக்கம் உண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான். காலை பத்து மணிக்குத் துணி துவைக்கும் கல் பக்கம் போனால், ஒருவரிடம் சோப்பு இருக்காது, ஒருவரிடம் பக்கெட் இருக்காது. வாளியைக் கடன் கொடுத்துவிட்டு, துவைத்து முடிக்கும் வரை நிற்க வேண்டியிருக்கும். அந்த இருபது நிமிடத்தில் பேசுவது வகுப்பில் ஒரு மாதம் பேசுவதைவிட அதிகம். வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை வருகிறவருக்கு இது எதுவும் கிடைப்பதில்லை, ‘நம்மோடு யாரும் சேரமாட்டேன்கிறார்கள்’ என்ற வருத்தம்தான் மிஞ்சுகிறது.

டே ஸ்காலராக இருந்தால் கல்லூரி பஸ் சீட் உங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஹெட்ஃபோனை ஒரு வழிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனால் வேறு ஒரு தொல்லை. ‘என்னடி, மெட்ராஸ் பேச்சு வந்துருச்சு’ என்பார்கள். இங்கே ‘ஊர்ப் பேச்சு’, அங்கே ‘மெட்ராஸ் பேச்சு’. இரண்டு பக்கமும் அந்நியமாகிவிட்ட மாதிரி முதல் வருடத்தில் எல்லாருக்கும் தோன்றும். உங்களில் என்ன மாறிவிட்டது, என்ன மாறவில்லை என்று அப்போதே முடிவெடுத்தாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அண்ணன் தங்கச்சியிடம் ஹாஸ்டல் கதையைச் சொல்லுங்கள், லேப் கோட்டைப் போட்டுக் காட்டுங்கள். வீட்டில் யாருக்கும் கல்லூரி என்றால் என்னவென்று தெரியாது, தெரியாததால்தான் கிண்டல். ஒருமுறை அப்பாவையோ அம்மாவையோ கல்லூரிக்குக் கூட்டிவந்து வகுப்பு, லேப், மெஸ் எல்லாம் சுற்றிக்காட்டுங்கள். அந்த வேட்டி, அந்தச் சேலையோடு உங்கள் நண்பர்கள் அவர்களைப் பார்த்துவிட்டால், மறைத்து வைக்க அதற்குப் பிறகு ஒன்றுமே இருக்காது.

தன் பாலினம், விருப்பம் பற்றிய கேள்வியோடு வருகிறவர்களுக்கு

விடுதி, பாத்ரூம், அடையாள அட்டையில் பெயர் என்று உங்களுக்கு ஒவ்வொன்றும் தனிச் சிக்கல். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் உங்கள் கையில் இல்லை. முதலில் ஒரே ஒருவரிடம், நேரில், மற்றவர்களின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறவர் என்று நீங்கள் பார்த்துத் தெரிந்துகொண்டவரிடம் சொல்லுங்கள். கட்டணம் யார் கையில் இருக்கிறது என்பதையும் யோசித்துவிட்டு வீட்டில் சொல்வதைப் பற்றி முடிவெடுங்கள். தன்பாலின உறவைக் குற்றம் என்று சொன்ன பகுதியை உச்ச நீதிமன்றம் 2018இல் நீக்கிவிட்டது. ‘சிகிச்சை கொடுத்து மாற்றிவிடலாம்’ என்று யாராவது கிளம்பினால், அப்படி மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டிருப்பதைச் சொல்லலாம். பாலியல் தொல்லை எதுவானாலும் கல்லூரியில் உள்ள உள்ளகப் புகார்க் குழுவிடம் போகலாம். அதன் உறுப்பினர் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும்.

சமாளிக்க முடியாத வாரம்

முதல் இன்டர்னல் மார்க் வந்த வாரம்தான் பெரும்பாலும் அது. ஸ்கூல் ஃபர்ஸ்ட் எடுத்த பிள்ளை ஐம்பதுக்குப் பதினேழு வாங்கியிருப்பார். வீட்டில் சொல்ல முடியாது. அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், எழுதி பாஸானவர்கள் உங்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

மார்க்கைவிட நான் கவனிப்பது வேறு: மெஸ்ஸுக்கு வராமல் இருப்பது, இரவு முழுக்கத் தூங்காமல் பகலில் அறையிலேயே கிடப்பது, ஃபோனை எடுக்காமல் விடுவது. இது இரண்டு வாரம் தொடர்ந்தால் கிளாஸ் அட்வைசரிடமோ மென்டரிடமோ வாருங்கள். ‘கஷ்டமா இருக்கு மேடம்’ என்ற ஒரு வரி போதும், காரணம் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. எங்களிடம் வர விருப்பமில்லை என்றால் 14416க்கு அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ், தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. சாகலாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், அந்த இரவே பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள். உங்கள் ரூம்மேட் அப்படி இருந்தால் அவரைத் தனியாக விடாமல் வார்டனை எழுப்புங்கள். ‘காட்டிக்கொடுத்துட்டியே’ என்று அவர் கோபப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும்.

மூன்றாம் செமஸ்டர்

இரண்டாம் வருடம் தொடங்கும்போது பாலிடெக்னிக் முடித்த பத்துப் பதினைந்து பேர் லேட்ரல் என்ட்ரியில் நேராக உங்கள் வகுப்புக்கு வருவார்கள். முதல் வருடக் கணிதம் அவர்களுக்கு இல்லை, செட்டுகள் எல்லாம் ஏற்கெனவே சேர்ந்து முடிந்திருக்கும். ரோல் நம்பரும் பட்டியலின் கடைசியில் இருக்கும், அதனால் லேபிலும் அவர்களுக்குள்ளேயே நிற்பார்கள். ஆனால் மெஷினைக் கையால் ஓட்டிப் பார்த்தவர்கள் உங்கள் வகுப்பில் அவர்கள்தான். முதல் நாளே போய்ப் பேசுங்கள். கிளாஸ் குரூப் லிங்க், முதல் வருட மேத்ஸ் நோட்ஸ், பிரின்ட் எடுக்கும் ஜெராக்ஸ் கடை எங்கே இருக்கிறது என்ற தகவல், இந்த மூன்றும் கொடுத்தால் போதும். மதியம் மெஸ்ஸில் உங்கள் மேசையில் இரண்டு இடம் போட்டு வையுங்கள்.